விரல் வளர்த்த செலவு

கருங்கல் சந்தைக்கு முந்தின நிறுத்தம்.
ஞாயிறு, ஆராதனை முடிந்து
கணக்கு நோட்டோடு போய் இறங்குவேன்.
சம்பளம் கிடையாது எனக்கு.
கட்டன்சாயாவும் வேகவைத்த மரச்சீனியும் உண்டு.
அதை எந்தத் தலைப்பிலும் எழுதுவதில்லை.

குழுவின் பெயர் குறிஞ்சி.
பன்னிரண்டு பேரில் ஒருத்தரும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை.
பட்டியலில் மிச்சம் கிடந்த பெயர் அதுதான்,
ரோஜாவும் மல்லிகையும் முன்னமே போய்விட்டிருந்தன.
எல்லாரும் அண்டி ஆபீசில் கொட்டை தல்லுகிறவர்கள்.
சாம்பல் தேய்த்தாலும்
அண்டிக்கறை தோலைத் தின்னும்.
லில்லிபாயின் பெருவிரலை ஒருமுறை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
கைமாறிக் கைமாறி
எழுத்தழிந்துபோன காசு.

விலைக்கு வந்தது ஒரு போர்மா.
பழையதுதான், பருப்பு உலர்த்தப் போதும்.
மூன்று லட்சம் கேட்டு வங்கிக்குப் போனோம்.
தலைவி ஞானப்பூ, பொருளாளர் தங்கபாய்,
தாள்களைச் சுமந்துகொண்டு நான்.

சிவப்பு.
துடைத்து வைத்தார்கள், சிவப்பு.
எலுமிச்சை தேய்த்து, எண்ணெய் தொட்டு,
ஈரத்துணியில் ஒற்றி,
சிவப்பு, சிவப்பு.
வரிசையில் பின்னால் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.
"அழுத்தாம, இப்படி" என்று காட்டப்போய்
என் விரலை வைத்துவிட்டேன்.
ஒரு கோடு விடாமல் திரையில் எழுந்தது,
நேற்று உழுத வயல்போல.
எதையும் உழாத விரல்.
வேறு ஆள் என்றது இயந்திரம்.
ஆனாலும், ஆள் என்றது.

திரும்புகிற பேருந்தில் யாரும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு கிறிஸ்டல்பாய்தான் தொடங்கினாள்:
"தல்லாம இருந்தா கோடு தன்னால வரும்.
எனக்க பிரசவத்துக்கு வந்துதே."
நான் பேனாவை எடுத்துப் பெருக்கினேன்,
பன்னிரண்டு பேர், இத்தனை நாள், இவ்வளவு கூலி.
வட்டியைவிட நட்டம் கூடுதல் என்றேன்.
சிரித்துவிட்டார்கள்.
"பன்னெண்டு பேரு என்னத்துக்கு பிள்ளே,
ஒப்பு போடுறது ரெண்டு பேருல்லா?"

ஒன்பது நாள்.
முந்நூற்றிருபது கூலி, இரண்டு பேருக்கு.
பத்துப் பேர் ஆளுக்கு ஐந்நூற்று எழுபத்தாறு.
லில்லிபாய் ஐந்நூறு வைத்தாள்,
"எழுபத்தாறு வார ஆழ்ச்ச, எழுதிக்கோ."

ஞானப்பூவைப் பாத்திரம் கழுவவும் விடவில்லை,
முறை வைத்து வந்து கழுவிப்போனார்கள்.
தங்கபாய் இரண்டு நாள் தூங்கினாள்.
மூன்றாம் நாள் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஆறாம் நாள் வீட்டுக்காரர்,
"ராணி மாதிரில்லா இருக்க" என்றதற்குப்
பெருவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாளாம்:
"வேலையிலதான் இருக்கேன்."

எட்டாம் நாள் இரவு எனக்குப் போன் செய்தாள்.
கடன் பற்றி அல்ல.
"சுழி இருக்கு கேட்டியா, எனக்கும்.
ஒரு சுழியும் பக்கத்துல ஒரு வெட்டும்.
அந்த வெட்டு எப்ப பட்டதுன்னு
ராத்திரி முழுக்க யோசிக்கேன்."

ஞானப்பூவுக்கு மூன்றாம் தடவை பச்சை விழுந்தது.
தங்கபாய்க்கு, அத்தனை பாடும் பட்ட பெருவிரல் கைவிட,
இடதுகை மோதிர விரல்.
என்ன மருந்து போட்டீர்கள் என்றார் கிளார்க்.
"ஒண்ணும் போடல்ல சாறே.
சும்மா இருந்தோம்."

திங்கட்கிழமை இருவரும் பலகைக்குத் திரும்பினார்கள்.

நோட்டில் நான்தான் தடுமாறினேன்.
கூலி என்று எழுத வேலை நடக்கவில்லை.
உதவி என்றால் ஞானப்பூ ஒப்பு போடமாட்டாள்.
இதரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.
கடைசியில் எழுதினேன்:
விரல் வளர்த்த செலவு, ரூ. 5,760.
கீழே லில்லிபாயின் பாக்கி எழுபத்தாறு.

தணிக்கைக்கு வந்தவர் நல்ல மனிதர்.
எல்லாப் பக்கத்திலும் சரி போட்டார்.
அந்த ஒரு வரியில்
சிவப்பு மையால் வட்டமிட்டு
ரசீது கேட்டிருக்கிறார்.